வெளிநாடு போகிறவருக்கு எத்தனை காமிரா?

திருநெல்வேலி டவுணில் ஒரு வீட்டார் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறார்கள் என்றால், நான்கு ரத வீதிக்கும் சேதி போய்விடும். சிங்கப்பூரில் மகன் இருப்பான். துபாயில் மருமகன் இருப்பார். கோலாலம்பூரில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் இருக்கும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூருக்குப் போய் வருகின்றன. நமக்குக் கடல் கடந்த பயணம் புதிது அல்ல.

புதிதாக வந்திருப்பது ஒரு தகராறு. பெட்டி கட்டும்போது வரும் தகராறு அது.

அம்மா வற்றலும் வடகமும் இட்லிப் பொடியும் எடுத்து வைக்கிறாள். அப்பா கீழ ரத வீதிக்குப் போய் அல்வா வாங்கி வருகிறார். மகனோ ஒரு கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். உள்ளே ஒரு பெரிய காமிரா. அதற்கு இரண்டு லென்ஸ். மூன்று கால் நிலை ஒன்று. சார்ஜர், பாட்டரி, வயர். “இது எல்லாம் கட்டாயம் வேண்டும்” என்கிறான் அவன். “எதற்கு?” என்று கேட்கிறார் அப்பா.

நான் அப்பாவின் கட்சி. ஒரு குடும்பம் ஊர் பார்க்கப் போகிறதென்றால் ஒரு காமிரா போதும். அதற்கு ஒரே லென்ஸ் போதும். கையில் நல்ல செல்போன் இருந்தால் அந்த ஒரு காமிராவும் தேவைதானா என்று இரண்டு முறை யோசிக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

தராசில் வைத்துப் பாருங்கள்

விமானத்தில் நாம் கையோடு கொண்டு போகும் பைக்கு எடைக் கணக்கு உண்டு. சாதாரண வகுப்பில் பல விமானக் கம்பெனிகள் 7 கிலோதான் அனுமதிக்கின்றன.

இப்போது மகனின் பையைத் தராசில் வைப்போம். பெரிய ரகக் காமிரா சுமார் 700 கிராம். சாதாரணப் படங்களுக்கான லென்ஸ் 800 கிராம். தூரத்தில் உள்ளதை எடுக்கும் லென்ஸ் ஒன்றரைக் கிலோ. மூன்று கால் நிலை ஒன்றரைக் கிலோ. சார்ஜர், பாட்டரி, வயர் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. பஞ்சு வைத்துத் தைத்த அந்தப் பை மட்டும் ஒன்றரைக் கிலோ. மொத்தம் ஆறரைக் கிலோ!

மிச்சம் இருப்பது அரைக் கிலோ. அதில் அரைக் கிலோ அல்வா வைக்கலாம். மாற்று வேட்டி வைக்க இடமில்லை.

“காமிராவைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிட்டால் என்ன?” என்று கேட்கிறீர்களா? போடக்கூடாது. பெட்டிகளை எறிகிறார்கள், அடுக்குகிறார்கள். லென்ஸ் கண்ணாடி அதைத் தாங்காது. காணாமல் போனாலும் விமானக் கம்பெனி தரும் ஈடு காமிராவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பாட்டரிக்கோ சட்டமே இருக்கிறது. தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பாட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் அது தீப்பிடித்தால் ஓடிப் போய் அணைக்க ஆள் இல்லை. மேலே மனிதர்கள் இருக்கும் இடத்தில் பிடித்தால் உடனே பார்த்து அணைக்கலாம். அதற்காகத்தான் அந்த விதி.

பவர் பேங்க்கிலும் அளவு உண்டு. 100 வாட்-மணி வரை கேட்காமல் கொண்டு போகலாம். அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். 20,000 என்று போட்ட பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். பயமில்லை. 30,000 என்று போட்டது 100-ஐத் தாண்டிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிக்கொண்டு போனால் விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

மாட்டு வண்டியில் போன காமிரா

இந்தக் காமிரா மூட்டைத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி. சென்னை ராணுவத்தில் இருந்தவர். 1855-ல் ஆங்கிலேயத் தூதுக் குழு ஒன்று பர்மாவுக்குப் போனது. அதனோடு இவரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனார். போன இடத்தில் மழையும் மேகமும் ஒரு பக்கம், காய்ச்சல் இன்னொரு பக்கம். அப்படியும் 200-க்கு மேற்பட்ட படங்களோடு திரும்பினார். பிறகு 1857, 58-ம் வருஷங்களில் திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று நம் கோயில்களைப் படம் பிடித்தார். சாமான்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. அவருடைய காமிராவுக்குள் வைக்கும் காகிதமே 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். காமிரா எவ்வளவு பெரிது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்! தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார்.

அவருக்கு வண்டி வேண்டியிருந்தது. வேலை அப்படி. காமிராவும் அப்படி. இன்று மாட்டு வண்டி போய்விட்டது. ஆனால் வண்டிப் பாரத்தைத் தோளில் சுமக்கும் ஆசை மட்டும் போகவில்லை.

டிரைப் போய் 90 வருஷம் கழித்து இன்னொருவர் வந்தார். பிரான்ஸ் தேசத்து ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான். அவர் கையில் இருந்தது லைக்கா என்னும் சிறிய காமிரா. பெரும்பாலும் ஒரே லென்ஸ்தான், 50 மில்லிமீட்டர். கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். 1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்தார். சற்று நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அந்தத் துயர நாட்களை உலகம் அவர் படங்களில் பார்த்தது. 1950 ஏப்ரல் 14-ந் தேதி ரமண மகரிஷி மறைந்தபோதும் இவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார்.

உலகப் புகழ் பெற்ற படக்காரருக்கு ஒரு சின்னக் காமிரா போதுமாக இருந்தது. சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலை பார்க்கப் போகும் நமக்கு ஆறரைக் கிலோவா?

எவரெஸ்டில் ஹில்லாரி எங்கே?

1953 மே 29-ந் தேதி. எவரெஸ்ட் உச்சியில் இரண்டு மனிதர்கள் முதன்முதலாகக் கால் வைத்தார்கள். ஒருவர் நியூசிலாந்துக்காரரான ஹில்லாரி. மற்றவர் டென்சிங். உச்சியில் கொடிகளோடு நிற்பவரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் டென்சிங். ஹில்லாரி எங்கே? அவர்தான் காமிராவுக்குப் பின்னால் நிற்கிறார்! உச்சியில் ஹில்லாரி நிற்கும் படமே கிடையாது. அவர் கொண்டு போனதும் பழையதாக வாங்கிய ஒரு கோடக் காமிராதான்.

நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். அதே கதைதான். ஊட்டியில் அம்மா இருப்பாள், அத்தை இருப்பாள், குழந்தைகள் இருப்பார்கள். அப்பா இருக்க மாட்டார். அவர் கையில் காமிரா. பெரிய காமிராவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதை இயக்க ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர் தொட்டால் “கீழே போட்டுவிடாதே” என்று சத்தம் வரும். பத்து நாள் பயணம் முழுவதும் அவர் கூலி ஆள் மாதிரி பின்னால் வருவார். செல்போன் என்றால் பத்து வயதுப் பெண் குழந்தைகூட அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து நிறுத்தி எடுத்துவிடும். குடும்பப் பயணத்துக்கு எளிய கருவியே மேல் என்று நான் சொல்வதற்கு, எடையைவிட இதுதான் பெரிய காரணம்.

ஆச்சிக்கு என்ன படம் வேண்டும்?

படம் யாருக்காக எடுக்கிறோம்? இதை யோசித்துவிட்டால் பாதிப் பை தானாகக் காலியாகும்.

டவுணில் ஆச்சி ஒருத்தி வீட்டோடு இருக்கிறாள். முழங்கால் வலி. விமானம் ஏற முடியாது. பேரன் சிங்கப்பூரில் இருக்கிறான். போய் வந்தவர்கள் படம் காட்டுகிறார்கள். தண்ணீர் கக்கும் சிங்கச் சிலை. வானத்தைத் தொடும் கட்டடம். இரவில் மின்சார விளக்குகள். படம் மிகத் தெளிவு. ஆச்சி என்ன சொல்வாள்?

“ஏல, இந்தக் கட்டடத்த நான் காலண்டர்லயே பாத்துட்டேன். பிள்ள எங்க ஒக்காந்து சோறு திங்கான்? அந்த எடத்தக் காட்டுல.”

அந்த இடத்தை யாரும் எடுக்கவில்லை!

சிங்கச் சிலையைக் கோடிப் பேர் எடுத்திருக்கிறார்கள். நம்மைவிட நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். பேரனின் அடுக்களையை, அவன் படுக்கும் கட்டிலை, அவன் தினமும் ரயில் ஏறும் நிலையத்தை எடுக்க உலகத்தில் நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. துபாயில் மருமகன் வேலை பார்க்கும் இடத்தின் வாசல், அவரோடு அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள், வெள்ளிக்கிழமை சமையல். இவையெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். இதற்குத் தூரத்து லென்ஸ் வேண்டாம். மூன்று கால் நிலை வேண்டாம். கிட்டே போய் நின்றால் போதும்.

ஒரு எச்சரிக்கை. வளைகுடா நாடுகளில் கண்டதையும் எடுக்கக்கூடாது. முன்பின் தெரியாதவர்களை, அதிலும் பெண்களை, அனுமதி இல்லாமல் எடுப்பது அங்கே குற்றம். அரசாங்கக் கட்டடம், ராணுவ இடம், விமான நிலையம் பக்கம் காமிராவைத் தூக்கவே வேண்டாம். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது பெரிய அவமரியாதை. 2012-ல் பிரெஞ்சு நாட்டுப் பயணிகள் மூவர் புத்தர் சிலையை முத்தமிடுவது போல் படம் எடுத்தார்கள். பிரதி போடக் கொடுத்த கடைக்காரரே போலீசுக்குச் சொல்லிவிட்டார். கோர்ட்டு அவர்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட ஆறு மாதத் தண்டனை விதித்தது. பெரிய காமிரா எல்லோர் கண்ணிலும் படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோட்டையூர்க்காரர் போன வழி

வெளிநாடு, காமிரா என்று பேசும்போது ஏ. கே. செட்டியாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1911-ல் பிறந்த கோட்டையூர்க்காரர். ஜப்பானுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார். அமெரிக்காவில் நியூயார்க்கிலும் படித்தார். 1937 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாள். கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஒரு செய்திப் படம் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

காமிரா தொழில் தெரிந்தவர். என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பெட்டி பெட்டியாகக் காமிரா வாங்கியிருப்பார் என்றுதானே? அவர் வேறு விதமாக யோசித்தார். காந்தியின் தென்னாப்பிரிக்கா நாட்களையும் தண்டி யாத்திரையையும் இனிமேல் எடுக்க முடியுமா? முடியாது. ஆனால் யாரோ எங்கேயோ எடுத்து வைத்திருப்பார்கள். அதைத் தேடிப் புறப்பட்டார். சுமார் ஒரு லட்சம் மைல் பயணம். 30 வருஷ காலத்தில் 100 காமிராக்காரர்கள் எடுத்த 50,000 அடிப் படச் சுருளைச் சேகரித்தார். அதிலிருந்து 12,000 அடிப் படம் தயாராயிற்று. 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிட்டார்கள்.

அவ்வளவு சுற்றியவர் கொண்டு போனதில் பெரியது விடாமுயற்சிதான். இதை நம் பயணத்துக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். மலேயாவிலோ பர்மாவிலோ இருந்த தாத்தாவின் பழைய படங்கள் அங்கே சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் கிடக்கும். பூச்சி அரித்துக்கொண்டிருக்கும். அவற்றை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் செல்போனில் எடுத்துக்கொண்டு வாருங்கள். பின்னால் எழுதியிருப்பதையும் எடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தப் பெரியவர்கள் இருப்பார்களோ என்னவோ.

யாருக்கு நிறைய வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது. சிலருக்குக் கனமான சாமான் வேண்டும்தான்.

ஆப்பிரிக்கக் காட்டில் சிங்கம் பார்க்கப் போகிறவர் செல்போனோடு போனால் சிங்கம் எறும்பு மாதிரி தெரியும். அவர் தூரத்து லென்சைக் கொண்டு போகட்டும். மற்றதைக் குறைத்துக்கொள்ளட்டும். புறப்படுமுன் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போய், அங்கே வரும் பறவைகளிடம் அந்த லென்சைப் பழகிக்கொள்ளட்டும். புது லென்சை விமானத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போகிறவருக்குச் சிங்கத்தின் வால்தான் கிடைக்கும்.

கலியாணம் எடுக்கப் போகிற ஸ்டுடியோக்காரர் கதை வேறு. அவருக்கு எல்லாம் இரட்டை இரட்டையாக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் காமிரா நின்றுவிட்டால் “இன்னொரு முறை கட்டுங்கள்” என்று கேட்க முடியுமா? அவர் இரண்டு காமிரா கொண்டு போவதே நியாயம். ஆனால் சுற்றுலா விசாவில் போய்க் கூலி வாங்கி வேலை செய்யக்கூடாது. அந்த நாட்டு வேலை அனுமதி வேண்டும். சொந்தக்காரர் கூப்பிடுகிறார் என்று நம்பிப் போய் அகப்பட்டுக்கொண்டால் காமிராவும் போகும், மறுமுறை போகிற வழியும் அடைபடும்.

ட்ரோன் என்னும் பறக்கும் காமிரா யாருக்கும் வேண்டாம் என்பேன். பல நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது. திரும்பி வரும்போது இங்கேயும் கேள்வி வரும். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு இந்திய அரசாங்கம் தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு என்று சில காரியங்களுக்குத்தான் விலக்கு.

கடன் வாங்கிக் காமிரா வாங்கலாமா?

இதுதான் என்னை மிகவும் உறுத்துகிற விஷயம். பயணச் சீட்டுக்கே சேமித்துச் சேமித்துப் பணம் சேர்த்த குடும்பம். புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது, தவணையில் காமிரா வாங்குகிறார்கள். பத்து நாள் பயணம். பதினெட்டு மாதத் தவணை! ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் காமிரா பீரோவில் தூங்குகிறது. தவணை மட்டும் தூங்குவதில்லை.

தெரிந்தவரிடம் இரவல் வாங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அது அவருக்குச் சோறு போடும் கருவி. கீழே விழுந்து கண்ணாடி உடைந்தால் சிநேகமும் உடையும். அவசியம் என்றால் வாடகைக்கு எடுக்கலாம். உடைந்தால் எவ்வளவு என்பதை முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எது தேவை, எது தேவையில்லை என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. முழுப் பையையும் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் நான்கு ரத வீதியையும் சுற்றுங்கள். அப்படியே குறுக்குத்துறைக்கு நடந்து போய், தாமிரவருணிக் கரையில் கொஞ்ச நேரம் படம் எடுங்கள். பிறகு நடந்தே வீட்டுக்கு வாருங்கள். பையிலிருந்து ஒரு தடவைகூட வெளியே வராத சாமானை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். தோள் வலி மிச்சத்தைச் சொல்லும்.

புறப்படுமுன்

விலை உயர்ந்த காமிராவைக் கொண்டுதான் போவேன் என்கிறவர் ஒரு காரியம் மறக்கக்கூடாது. திருவனந்தபுரமோ, மதுரையோ, சென்னையோ, விமானம் ஏறும் இடத்தில் சுங்க அதிகாரியிடம் காமிராவைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். காமிராவின் எண், லென்சின் எண் அதில் இருக்கும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, “இது அங்கே வாங்கியதுதானே, வரி கட்டு” என்று கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டும். வாங்கிய பில்லின் பிரதியும் கையில் இருக்கட்டும். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். நம் ஊர்ப் பிளக்கின் உருண்டைக் கால்கள் சிங்கப்பூர், மலேசியா, துபாய்ச் சுவர்களில் நுழையாது. அங்கே மூன்று சதுரக் கால் பிளக். அதற்கு மாற்றுப் பிளக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜரின் மேல் 100-240 என்று அச்சடித்திருந்தால் எந்த நாட்டு மின்சாரத்துக்கும் தாங்கும். சேமிப்பு அட்டை இரண்டாக இருக்கட்டும். ஒன்று காமிராவில், ஒன்று அம்மாவின் கைப்பையில். பெரிய அட்டை ஒன்றே வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே போட்டு, அதைத் தொலைத்துவிட்டு நிற்கிறவர்கள் உண்டு.

திரும்பி வரும்போதுதான் பெட்டியில் இடம் வேண்டும். கோடாலித் தைலம், சாக்லேட், அத்தைக்குச் சேலை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிய சாமான். 1969 ஜூலையில் சந்திரனுக்குப் போனவர்களே இந்தக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அங்கே படம் எடுத்த விலை மதிப்புள்ள காமிராவைச் சந்திரனிலேயே விட்டுவிட்டு, படச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த எடைக்குக் கல்லும் மண்ணும் வேண்டுமே! 21 கிலோவுக்கு மேல் கொண்டு வந்தார்கள்.

ஊர் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே எடுத்த படங்களில் நாற்பதைப் பொறுக்கி எடுத்து ஸ்டுடியோவில் காகிதப் பிரதி போட்டுவிடுங்கள். ஆயிரம் படத்தைச் செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆச்சிக்குக் கண் போதாது. பிரதியின் பின்புறம் தேதியும் ஊரும் படத்தில் இருப்பவர் பெயரும் பேனாவால் எழுதுங்கள். பேரன் சாப்பிடும் இடம் முதலில் இருக்கட்டும்.